சென்னையின் பரங்கிமலை ஒரு பழைய மலைத்தொடரின் வேரா? எப்படித் தெரியும்?

ஆம், பாறையே சாட்சி. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள கருநீலச் சாயல் கொண்ட கல் சார்னோக்கைட் என்னும் உருமாறிய பாறை, அதாவது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமடைந்த பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே ரகம்தான். புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயரையே இதற்குச் சூட்டினார். நம் ஊர்க் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்!

இதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம்தான் துப்பு. நீர் அநேகமாக இல்லாத சூழலில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் இந்தப் பாறையில் அது உருவாகிறது. அருகிலுள்ள கார்னெட் போன்ற கனிமங்களின் வேதிச்சேர்க்கை அப்போதிருந்த அழுத்தத்தைக் காட்டும். அதிலிருந்து கணக்கிட்டால், பாறை உருவான ஆழம் 20 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அப்படியானால் மேலே இருந்த அத்தனையும் அரிக்கப்பட்டு, பாரம் குறையக் குறைய அடிப்பாறை எழும்பியிருக்கிறது.

இன்றும் சென்னைக்குக் கீழே பூமியின் மேலோடு 30 கிலோமீட்டருக்கு மேல் தடிமன். அரிக்கப்பட்டதையும் இதையும் கூட்டுங்கள்: 50ஐத் தாண்டும். அவ்வளவு தடித்த மேலோடு பெரும்பாலும் இமயமலை போன்ற, கண்டங்கள் மோதும் பகுதிகளில்தான் காணப்படுகிறது.

காலத்தைச் சொல்வது பாறையிலுள்ள சிர்க்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகள். அவற்றில் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவை வைத்துப் பார்த்தால், உருமாற்றம் நடந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன.