அமெரிக்காவில் மாநில உரிமை யாருக்குப் பயன்பட்டது? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்ததா, அடிமை முறைக்காகவா? நண்பர்களுக்குள் பேச்சு முடிவதே இல்லை.

பதில்: அடிமை முறைக்காக. நாட்டிலிருந்து பிரிந்து போன தென் மாநிலத்தவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். 1860 டிசம்பரில் முதலில் வெளியேறிய தென் கரோலினா, ஏன் போகிறோம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. மத்திய அரசு எங்களை நசுக்குகிறது என்பதுதான் அதில் முக்கியப் புகாராக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் அதில் உரத்து ஒலிப்பது வேறு குறை: வடக்கு மாநிலங்கள் மத்திய அரசின் சட்டத்தை மதிக்கவில்லையாம், தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துத் தர மறுக்கிறார்களாம். மேய்ன், வெர்மான்ட், நியூயார்க் என்று பெயர் சொல்லி வரிசையாகக் குற்றம் சாட்டுகிறார்கள். அந்த மாநிலங்கள் செய்தது என்ன? தங்கள் உரிமையைப் பயன்படுத்தின, அவ்வளவுதான்.

அப்புறம் தெற்கத்தியர் தங்களுக்கென ஒரு கூட்டமைப்பு அமைத்து அரசியல் சட்டம் எழுதியபோது, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் தங்கள் காங்கிரஸ் (அதாவது நாடாளுமன்றம்) இயற்றக் கூடாது என்றும், புதிதாகச் சேரும் பிரதேசங்களில் அடிமை முறையை அதே காங்கிரஸ் பாதுகாக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்தப் பிரதேச மக்கள் வேண்டாம் என்று முடிவெடுக்க அதில் இடமில்லை.

கேள்வி: தப்பியவர்களைப் பிடிக்கும் அந்தச் சட்டம் அப்படி என்னதான் சொன்னது?

பதில்: 1850இல் வந்த சட்டம், படித்தால் வயிறு எரியும். பிடிபட்டவர் தன் தரப்பைச் சாட்சியாகச் சொல்ல முடியாது, ஜூரி விசாரணையும் கிடையாது. விசாரிக்கும் ஆணையருக்கு, அவரை எஜமானரிடம் திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம்! வழியில் போகிறவரைக்கூட உதவிக்கு வா என்று மத்திய அதிகாரி அழைக்கலாம், மறுக்க முடியாது.

1854இல் விஸ்கான்சினில், மிசூரியிலிருந்து தப்பி வந்திருந்த ஜோஷுவா குளோவரைப் பிடித்து மில்வாக்கி சிறையில் அடைத்தார்கள். கூட்டம் திரண்டு கதவை உடைத்து அவரை மீட்டது, அவர் கனடா போய்ச் சேர்ந்தார். கூட்டத்தைத் திரட்டிய பத்திரிகையாளர் ஷெர்மன் பூத் கைதானபோது, அந்தச் சட்டமே செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார், மாநில நீதிமன்றம் மத்திய அரசின் கைதியை விடுவிக்க முடியாது என்று. மாநில உரிமை பேசிய தெற்கு அந்தத் தீர்ப்பை எதிர்க்கவில்லை.

கேள்வி: 1832இல் சுங்க வரிக்காக ஒரு மோதல் நடந்ததே?

பதில்: நடந்தது. அதுவும் தென் கரோலினாதான். இறக்குமதி வரிச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தார்கள், பின்னால் நின்று வாதம் கட்டியவர் துணை அதிபராக இருந்த கால்ஹூன். அதிபர் ஜாக்சன் ராணுவத்தைப் பயன்படுத்த அதிகாரம் கேட்டார். 1833 மார்ச்சில் அந்த அதிகாரமும் வரிக் குறைப்பும் சேர்ந்தே சட்டமாயின, மாநிலம் இறங்கி வந்தது. வேறெந்த மாநிலமும் துணைக்கு வரவில்லை என்பது முக்கியம்.

கேள்வி: அப்படியானால் மத்திய அரசுதான் எப்போதும் நியாயத்தின் பக்கமா?

பதில்: இல்லவே இல்லை. மேலே சொன்ன 1850 சட்டம் மத்திய அரசின் சட்டம்தானே. மறுபக்கம் 1957இல் லிட்டில் ராக் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் ஆர்க்கன்சா ஆளுநர் ஃபாபஸ் தன் மாநிலத்தின் தேசியக் காவல் படையைக் காவலுக்கு நிறுத்தினார். அதிபர் ஐசன்ஹோவர் அதே படையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, 101ஆவது வான்வழிப் படைப்பிரிவையும் அனுப்பி, பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போக வைத்தார். அடுத்த ஆண்டு, கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காமல் இருக்க, அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார்கள். அதனால் யாராவது மாநில உரிமை என்று சொன்னால், எதைச் செய்வதற்கான உரிமை, யார் மீது என்று நான் முதலில் கேட்பேன்.

கேள்வி: கஞ்சாவை மத்தியச் சட்டம் தடுக்கும்போது மாநிலங்கள் எப்படி அனுமதிக்கின்றன?

பதில்: மத்திய அரசு வழக்குப் போடலாம், 2005இல் கலிபோர்னியா வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்னது. ஆனால் மாநில போலீஸை அந்த வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. இதன் வேரும் அடிமை வழக்கு ஒன்றில்தான் இருக்கிறது: தப்பியவர்களைப் பிடிக்கும் வேலையை மாநில அதிகாரிகள் செய்தே தீர வேண்டியதில்லை என்று 1842இல் பென்சில்வேனியா வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்டோரி எழுதியதை வைத்துத்தான் வடக்கு மாநிலங்கள் ஒதுங்கிக்கொண்டன.