லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, வீடில்லாமல் போகாதிருக்க யாரிடம் போவது?

பதுளைப் பக்கத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, கேட்டிருக்கிறீர்கள். தோட்டத்து முகாமையாளரான துரையிடம் சொன்னதோடு நிற்காதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வந்து பார்த்து அபாய அறிக்கை தரும். மாற்றுக் காணி கேட்க அந்தக் கடதாசிதான் உங்கள் பலம்.

அறிக்கை வரும்வரை கண்ணைத் திறந்து வையுங்கள். நேற்றுவரை லேசாக மூடிய கதவு இன்று இறுகினால், பீலியில், அதாவது ஊற்றுக் குழாயில், வரும் தண்ணீர் திடீரெனக் கலங்கினால், அன்றிரவு அந்தக் காம்பராவில் பிள்ளைகளைப் படுக்கவைக்காதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் முன்பே மண்சரிவு எச்சரிக்கை இருந்தது. சனம் லயத்திலேயே இருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயத்தின்மேல் இறங்கிவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை.

மலையகத்துக்கு இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் மேலும் 10,000 என்று அறிவித்தார்கள். பெயர்ப் பட்டியலில் இருக்கிறீர்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். வீடு கிடைத்தால் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதியையும், அதாவது உரிமைப் பத்திரத்தையும், விடாமல் கேளுங்கள். உறுதியில்லாத வீடு பாதி வீடுதான். வருமானம் குறைவென்றால் அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசுமவுக்கு விண்ணப்பமும் அதே பிரதேச செயலகத்தில்தான்.