சமுதாயக் கல்லூரிக்குப் புறப்படும் முன்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் சமுதாயக் கல்லூரிகளில் இடம் கிடைத்துப் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்ததால், அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குக் கலிபோர்னியாவில் உள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் இடம் கிடைத்து, மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவமும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. ஆகஸ்ட் இறுதியில் வகுப்புகள் தொடங்குகின்றன. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாமல் குழம்பியிருக்கிறோம்.

பதில்: முதல் வேலையாக, அந்தப் படிவத்தை அச்சிட்டு, உங்கள் மகளின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை என்பதால், பெயரும் தந்தையின் பெயரும் இடம் மாறி அச்சாவது அடிக்கடி நடக்கிறது. பிறந்த தேதி, குடியுரிமை, படிப்பு தொடங்கும் தேதி, ஓராண்டுச் செலவு என்று கல்லூரி கணக்கிட்டிருக்கும் தொகை, அதற்கு நீங்கள் காட்டிய நிதி ஆதாரம் ஆகியவற்றையும் சரிபாருங்கள். பிழை இருந்தால், அடுத்த படிக்குப் போவதற்கு முன்பே கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதித் திருத்திய படிவத்தைப் பெறுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் மகள் அதில் கையொப்பமிட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரும் கையொப்பமிட வேண்டும்.

படிவத்தின் மேற்பகுதியில் N என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண், அதாவது வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேட்டில் உங்கள் மகளுக்குரிய எண், இருக்கும். அந்த எண்ணைக் கொண்டுதான் செவிஸ் கட்டணமான 350 டாலரைச் செலுத்த வேண்டும். அதன் ரசீது விசா நேர்முகத்துக்கும் தேவை, விமான நிலையத்திலும் கேட்கப்படலாம். பிறகு டிஎஸ்-160 எனப்படும் விசா விண்ணப்பம், அதற்கான 185 டாலர் கட்டணம், நேர்முகத்துக்கான தேதி என்று வரிசையாகச் செய்யுங்கள். இந்தக் கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், செலுத்தும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக் காலத்தில் நேர்முகத் தேதி கிடைப்பது கடினம். ஐ-20 வந்த வாரத்திலேயே பதிவு செய்வது நல்லது.

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் முதல்முறையாகச் செல்பவர், ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாட்களுக்கு முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று டிக்கெட்டை முன்னதாக வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. ஐ-20, ரசீது, கல்லூரியின் அனுமதிக் கடிதம், நிதிச் சான்றுகள், தடுப்பூசிச் சான்றுகள் ஆகிய அனைத்தும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்; பெரிய பெட்டியில் வைத்துவிட்டால் குடிநுழைவு அதிகாரியின் முன் நிற்கும்போது எடுத்துக் காட்ட முடியாது. சென்று சேர்ந்ததும் கல்லூரியின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் வீடு மாறினால் புதிய முகவரியைப் பத்து நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றினாலும், மாணவரின் விசா நிலை இதைப் பொறுத்தது.

கேள்வி: இரண்டு ஆண்டுகள் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடிப்பது என் திட்டம். முதல் பருவத்தில் எளிமையான பாடங்களை எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிக்கொள், கடினமானவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் அண்ணன். அது சரியா?

பதில்: உங்கள் அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் உங்கள் திட்டத்துக்கு அந்த யோசனை பொருந்தாது. இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெட்டியில் எதை அடுக்குவது என்று மாதக்கணக்கில் யோசிக்கும் மாணவர்கள், இந்த ஒன்றுக்கு அரை மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

முதலில் கணக்கைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவராகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர, மாற்றிக்கொள்ளத்தக்க 60 செமஸ்டர் யூனிட்டுகள் தேவை. ஒவ்வொரு பாடத்துக்கும் கல்லூரி குறித்திருக்கும் அளவைத்தான் யூனிட் என்கிறார்கள். எஃப்-1 மாணவர் ஒரு பருவத்தில் குறைந்தது 12 யூனிட் எடுத்தால் போதும் என்பது விசா விதி. பருவத்துக்கு 12 வீதம் நான்கு பருவங்களுக்கு 48 தான் ஆகிறது. இன்னும் 12 யூனிட், அதாவது ஒரு முழுப் பருவம், பாக்கி நிற்கும். விசாவுக்குப் போதுமான அளவு வேறு, இரண்டு ஆண்டுகளில் முடிப்பதற்குத் தேவையான அளவு வேறு என்பதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பருவத்துக்கு 15 யூனிட் எடுக்க வேண்டும்; அல்லது கோடைப் பருவத்தில் ஈடுகட்ட வேண்டும். உங்கள் கல்லூரி, ஆண்டை இன்னும் குறுகிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் இயங்குவதாக இருந்தால், 60-க்குப் பதில் 90 குவார்ட்டர் யூனிட்டுகள் என்று கொள்ளுங்கள்.

அடுத்தது நாட்காட்டி. இலையுதிர் பருவச் சேர்க்கைக்கான அந்தப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பங்கள், அதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெறப்படுகின்றன. அப்படியானால், இந்த ஆகஸ்டில் கல்லூரியில் சேரும் நீங்கள், அடுத்த ஆண்டு நவம்பரிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். அப்போது உங்கள் கையில் இருப்பவை முதல் இரண்டு பருவங்களின் மதிப்பெண்களும் ஒரு கோடைப் பருவமும் மட்டுமே. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றும் கலிபோர்னியா சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு ‘டாக்’ எனப்படும் முன்னுறுதியைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ வளாகங்கள் தருவதில்லை. இந்த முன்னுறுதியும் எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் கிடையாது. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் கோரலாம். செப்டம்பர் மாதத்திலேயே மனுச் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய கோடை முடிவதற்குள் 30 செமஸ்டர் யூனிட்டுகளை முடித்திருக்கவும் வேண்டும். ஆக, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வதற்கு உங்களுக்கு இருப்பது இரண்டு ஆண்டுகள் அல்ல, ஏறத்தாழ ஓராண்டுதான்.

மூன்றாவது, பாடங்களின் சங்கிலி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவதற்குப் பெரும்பாலும் முதல் கால்குலஸ், இரண்டாம் கால்குலஸ், பல மாறிகளைக் கொண்ட கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா என்ற வரிசை கேட்கப்படுகிறது; கூடவே நிரலாக்கப் பாடங்களும், பல வளாகங்களில் கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியலும் உண்டு. ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் சேர முடியாது. முதல் பருவத்திலேயே முதல் கால்குலஸில் அமர்ந்தால்தான் நான்கு பருவங்களுக்குள் இந்த வரிசை முடியும். எளிமையாக இருக்கட்டும் என்று ப்ரீ-கால்குலஸில் தொடங்கினால், சங்கிலி முழுவதும் ஒரு பருவம் பின்னுக்குப் போய்விடும். இயற்பியலிலும் கவனம் தேவை: பொது மாணவர்களுக்கான இயற்பியல், அறிவியல் மற்றும் பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியல் என்று இரு வகைகள் இருக்கும், தலைப்பு ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தாலும் முன்னது உங்களுக்குக் கணக்கில் வராது.

கலிபோர்னியாவில் எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை ‘அசிஸ்ட்’ என்ற இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் கல்லூரி, நீங்கள் விரும்பும் வளாகம், பாடப்பிரிவு மூன்றையும் தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடமும் வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் கல்லூரிப் பாடமும் வரிசையாகத் தெரியும். இரண்டு அல்லது மூன்று வளாகங்களுக்கு இதை அச்சிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான பாடங்களுக்குக் கோடிட்டு, அந்தத் தாளோடு, கவுன்சிலர் எனப்படும் கல்லூரியின் கல்வி ஆலோசகரைச் சந்தியுங்கள். வெறும் கையோடு போய் “என்ன படிக்கலாம்?” என்று கேட்பவருக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். தாளோடு போகிறவருக்கு, எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடத்தப்படுவதில்லை என்பது வரை சொல்லித் தருவார்கள். அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: கால்குலஸ், நிரலாக்கம், இயற்பியல் மூன்றையும் முதல் பருவத்திலேயே சேர்த்து எடுக்க வேண்டாம். கால்குலஸ், ஆங்கிலக் கட்டுரைப் பாடம், ஒரு நிரலாக்கப் பாடம், சற்று இலகுவான ஒரு பொதுப் பாடம் என்பது தாங்கக்கூடிய சுமை.

கேள்வி: உறவினர்கள், “பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள் போகும் இடம்தானே அது?” என்கிறார்கள். விசா அதிகாரியும் அப்படியே நினைத்து மறுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இல்லினாய் மாநிலத்தில் 1901-ல் தொடங்கிய ஜோலியட் கல்லூரியிலிருந்து கணக்கிட்டால், இந்த வகைப் பொதுக் கல்லூரிகளுக்கு நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு இருக்கிறது. கலிபோர்னியாவில் மட்டும் இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. இங்கு படித்தவர்களை மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்வது அந்த மாநிலம் 1960-லேயே வகுத்த உயர்கல்வித் திட்டத்தின் ஒரு பகுதி. முடிவில் பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம்தான். உறவினர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும்.

விசா அதிகாரியின் அக்கறை வேறு. படிப்பதற்காகத்தான் போகிறீர்களா, செலவுக்கு வழி இருக்கிறதா, படிப்பு முடிந்து திரும்புவீர்களா என்பதையே அவர் பார்க்கிறார். ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்டால், செலவு குறைவு என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பாடங்களை முடித்து எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு மாற எண்ணுகிறீர்கள் என்பதை இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். மேலே சொன்ன தாளைத் தயாரித்தவருக்கு இந்தப் பதிலை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது. மனப்பாடம் செய்த பதிலை எந்த அதிகாரியும் எளிதில் கண்டுகொள்வார்.

கேள்வி: சேர்ந்த பிறகு ஒரு பாடம் மிகவும் கடினமாக இருந்தால் இடையில் விட்டுவிடலாமா? சில பாடங்களை ஆன்லைனில் எடுக்கலாமா?

பதில்: உள்ளூர் மாணவர்கள் தாராளமாக விடுவார்கள், நீங்கள் அப்படிச் செய்ய முடியாது. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் 12 யூனிட்டுக்குக் கீழே இறங்கினால், அன்றே விசா நிலை மீறப்பட்டதாகிவிடும். ஆங்கிலத்திலோ, அமெரிக்கக் கற்பித்தல் முறையிலோ தொடக்கக் காலத் தடுமாற்றம் இருந்தால் ஒரு பருவத்துக்குச் சுமையைக் குறைத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. உடல்நலக் காரணத்துக்கும் உண்டு. ஆனால் அனுமதி முதலில், விடுவது பிறகு. இந்த வரிசை மாறியதால் படிப்பையே இழந்தவர்களின் கடிதங்களைப் படித்திருக்கிறேன் என்பதால், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: இணையதளத்தில் பாடத்தை விடுவதற்கான பொத்தானை அழுத்துவதற்கு முன்பு அலுவலகத்துக்கு நடந்து செல்லுங்கள்.

முழு ஆன்லைன் பாடங்களில் பருவத்துக்கு ஒன்று மட்டுமே, அதுவும் 3 யூனிட் வரைதான், அந்த 12-ல் சேரும். சமுதாயக் கல்லூரிகளில் ஆன்லைன் பிரிவுகள் ஏராளம். நேரடி வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே, உங்களுக்குக் குறிக்கப்பட்ட பதிவு நேரம் தொடங்கியவுடனேயே, அது உங்கள் ஊரில் நள்ளிரவாக இருந்தாலும், விழித்திருந்து பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: வேலை பார்த்து என் செலவைச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பருவம் நடக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அந்த இடங்கள் குறைவு, போட்டி அதிகம். முதல் கல்வியாண்டில் பொதுவாக வெளி வேலைக்கு அனுமதி இல்லை. கடையிலோ, உணவு விநியோகத்திலோ, ரொக்கமாகத் தருகிறோம் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். மேலும், கலிபோர்னியாவில் உள்ளூர் மாணவர் யூனிட்டுக்கு 46 டாலர் செலுத்தும்போது, பன்னாட்டு மாணவர் அதைப் போலப் பல மடங்கு செலுத்துகிறார். இணையத்தில் தெரியும் உள்ளூர்க் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: கல்லூரியில் விடுதி இல்லையாம். மகன் எங்கே தங்குவான்?

பதில்: பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளில் விடுதி கிடையாது. முதல் சில மாதங்களுக்கு ஒரு குடும்பத்தோடு தங்கும் ஹோம்ஸ்டே ஏற்பாடு நல்லது. பிறகு நண்பர்களோடு வீடு பிடிக்கலாம். வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. வாடகை குறைவு என்பதைவிட, கல்லூரிக்கு நேரடிப் பேருந்து உண்டா, மாலை வகுப்பு முடிந்த பிறகும் அது ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் பள்ளியில் கேள்வி கேட்டே பழக்கமில்லாதவள். ஆங்கிலத்தில் பேசவும் கூச்சம். வகுப்பில் எப்படிச் சமாளிப்பேன்?

பதில்: உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது, அது ஒரு பருவத்தில் குறைந்துவிடும். முதல் வகுப்புக்கு மட்டும் தவறாமல் போய்விடுங்கள். முதல் நாள் வராதவரின் பெயரைப் பல ஆசிரியர்கள் நீக்கிவிட்டு, காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கு அந்த இடத்தைத் தந்துவிடுவார்கள். உங்கள் 12 யூனிட்டும் அதோடு குறைந்துவிடும். அன்று தரப்படும் சிலபஸ் ஓர் ஒப்பந்தத்தைப் போன்றது: வீட்டுப்பாடத்துக்கு எத்தனை விழுக்காடு, இடைத்தேர்வுகள் எந்த நாட்களில், தாமதமாகச் சமர்ப்பித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மதிப்பெண் முதல் வாரத்திலிருந்தே சேரத் தொடங்கிவிடும் என்பதால், இறுதித் தேர்வுக்கு முன்பு இரவு பகலாகப் படித்து மீட்டுக்கொள்ளும் பழக்கம் அங்கே உதவாது. பிறர் எழுதியதை எடுத்தாளும்போது மூலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது திருட்டாகக் கருதப்படும். இதையும் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

சிலபஸின் முதல் பக்கத்தில் ‘ஆபீஸ் ஹவர்ஸ்’ என்று நேரம் குறிப்பிட்டிருப்பார்கள். அது ஆசிரியர் மாணவர்களுக்காகவே ஒதுக்கிய நேரம். போனால் தொந்தரவாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம். இரண்டாம் வாரத்திலேயே ஒருமுறை போங்கள். “எனக்கு ஒன்றும் புரியவில்லை” என்று சொல்வதற்குப் பதிலாக, நீங்கள் போட்டுப் பார்த்த கணக்கை நோட்டுப் புத்தகத்தோடு எடுத்துச் சென்று, எந்த வரியில் நின்றுபோனீர்களோ அந்த வரியில் விரலை வைத்துக் காட்டுங்கள். அதற்கு அதிக ஆங்கிலம் தேவைப்படாது. “இதுவரை வந்துவிட்டேன், இதற்கு மேல் தெரியவில்லை” என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். மிச்சத்தை ஆசிரியர் உங்கள் நோட்டிலிருந்தே படித்துக்கொள்வார்.