வீட்டுக்கு வந்தும் வீடு வரலக்கா! (வாசகர் கேள்வி பதில்)

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், வெளிநாட்டுல மாணவர் ஊழியம் (காலேஜ் பசங்க நடுவுல செய்யற கிறிஸ்தவ ஊழியம்) செஞ்சுட்டு திரும்பி வந்தவங்க, வரப்போறவங்க, அவங்களைப் பாத்து முழிக்கிறவங்க. நானும் அதே வண்டியில வந்து இறங்கினவதான், அதனால மத்த கேள்விங்களை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

அக்கா, நானும் வொய்ஃபும் 11 வருஷம் வெளிநாட்டுல ஒரு யுனிவர்சிட்டி ஊர்ல மாணவர் ஊழியம் பண்ணோம். வந்து 5 மாசம் ஆச்சு. போன புதுசுல பாஷை புரியாம அழுதது கூட தேவலைன்னு இருக்கு, இங்க எல்லாம் புரியுது ஆனா எதுவும் ஒட்ட மாட்டேங்குது. சபையில சாட்சி சொல்ல, அதாவது அங்க கடவுள் செஞ்சதை எல்லார் முன்னாடியும் சொல்ல, 5 நிமிஷம் குடுத்தாங்க, மூணாவது நிமிஷத்துலயே கீபோர்டு தம்பி 'முடிங்க'ன்னு சொல்ற மாதிரி மெதுவா வாசிக்க ஆரம்பிச்சுட்டான். ராத்திரி பூரா அங்க இருக்கிற பசங்க மெசேஜ் பண்றாங்க, நானும் முழிச்சு பதில் போடறேன், வொய்ஃப் திட்றா. பையனுக்கு 9 வயசு, "எப்போப்பா வீட்டுக்குப் போவோம்"னு கேக்கறான். என் விசுவாசம்தான் கொறைஞ்சு போச்சோன்னு பயமா இருக்கு. பேர் போட்டுடாதீங்க.

பேர் போடல தம்பி. அந்த கீபோர்டு மேட்டரைப் படிச்சு முதல்ல சிரிச்சேன், அப்புறம் சிரிக்க முடியல, ஏன்னா எனக்கு கீபோர்டு கூட இல்ல, ஒருத்தங்க "எப்படிம்மா இருந்துச்சு அங்க?"ன்னு கேட்டுட்டு நான் மூச்சு இழுத்து வாயைத் திறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்தவங்க கிட்ட வேற என்னமோ பேச ஆரம்பிச்சுட்டாங்க.

விசுவாசம் ஒண்ணும் கொறையல, அந்த பயத்தை முதல்ல கீழ வைங்க. நீங்க சொல்ற இதே கதையை ஊழியத்துக்கே சம்பந்தம் இல்லாத ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி எழுதி வச்சிருக்காங்க. 1955ல லிஸ்கார்டுன்னு ஒரு நார்வேக்காரர், அமெரிக்காவுக்குப் படிக்க, ஆராய்ச்சி பண்ணப் போய்ட்டு வந்த தன் நாட்டு ஆளுங்களைக் கேட்டுப் பாத்து, வெளிநாடு போனவங்க மனசு முதல்ல மேல இருந்து, அப்புறம் கீழ இறங்கி, அப்புறம் ஏறுதுன்னு சொன்னார். 1963ல கல்லஹார்ன்னு ஒரு தம்பதி, இரு இரு கதை இன்னும் முடியல, திரும்பி வந்தப்புறமும் இதே மாதிரி இன்னொரு தடவை இறங்கி ஏறுதுன்னு எழுதினாங்க. ரெண்டு பள்ளம். முதல் பள்ளத்துக்கு உங்களை எல்லாரும் தயார் பண்ணி, ஜெபம் பண்ணி அனுப்பினாங்க. ரெண்டாவது பள்ளத்தைப் பத்தி யாரும் மூச்சு விடல, அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொண்ணு சொல்றேன், மாணவர் ஊழியம் பண்ணவங்களுக்குன்னே இதுல ஒரு தனி வலி இருக்கு. மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கேம்பஸே புதுசாயிடும். வருஷா வருஷம் கோர்ஸ் முடிச்ச பசங்களைக் கட்டிப்பிடிச்சு, பெட்டியைத் தூக்கிக் குடுத்து, ஏர்போர்ட்ல கையாட்டிட்டு வந்து, அடுத்த வாரமே புதுசா வந்து இறங்குற பசங்களைக் கூப்பிட அதே ஏர்போர்ட்டுக்குப் போனவர் நீங்க. வழியனுப்புறதுல நீங்க எக்ஸ்பர்ட், கிளம்புறதுல நீங்க முதல் வருஷ ஸ்டூடண்ட். அதுலயும் அங்க இருந்த வெளிநாட்டுப் பசங்களுக்கு, "ஊருக்குத் திரும்பிப் போனா முதல் சில மாசம் கஷ்டமா இருக்கும், உன்னை யாருக்கும் புரியாது, அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ணாத"ன்னு கடைசி செமஸ்டர்ல உக்கார வச்சு கிளாஸ் எடுத்திருப்பீங்களே? அந்த நோட்டை எடுத்து நீங்களே ஒரு தடவை படிங்க. நான் எடுத்த கிளாஸ் நோட்டு என் சூட்கேஸ் அடியிலதான் இருந்துச்சு, 8 மாசம் கழிச்சுதான் பாத்தேன்.

சாட்சி விஷயம். பைபிள்ல பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் முடிச்சு, தங்களை அனுப்பின அந்தியோகியாவுக்கே திரும்பி வந்தப்போ, சபையைக் கூட்டி நடந்ததெல்லாம் சொன்னாங்க, அப்புறம் ரொம்ப நாள் அங்கேயே சீஷர்களோட இருந்தாங்கன்னு அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரம் கடைசியில இருக்கு. அந்த "ரொம்ப நாள்" தான் எனக்குப் பிடிச்ச இடம். யாரும் மறுநாளே "அடுத்த பிளான் என்ன பிரதர்?"னு கேட்ட மாதிரி தெரியல. உங்களுக்கு ஒரு சபை முழுக்க உக்காந்து கேக்க வேண்டாம், ஒரே ஒரு ஆள் இல்லன்னா ஒரு குடும்பம் போதும், ஆனா அவங்க முழுசா கேக்கணும், தோத்த கதையையும் சேத்து. நீங்களா போய்க் கேளுங்க, "ஒரு சாயங்காலம் எனக்குக் குடுங்க, நான் பேசணும்"னு. வெக்கப்படாதீங்க. மேடையில குடுக்கிற 5 நிமிஷத்துல 11 வருஷத்தை அடைக்கப் பாக்காதீங்க, எத்தனை பேர் வந்தாங்கன்னு கணக்கு வேணாம், ஒரே ஒரு பையன் கதையைச் சொல்லிட்டு இறங்கிடுங்க. பேரை மாத்திச் சொல்லுங்க, இதை மறந்துடாதீங்க. சபை கேமரா லைவ்ல ஓடிட்டு இருக்கும், அந்தப் பையன் வீட்டுல அவன் விசுவாசம் தெரியாம இருக்கலாம், அவன் நாட்டுல அது ஆபத்தாவும் இருக்கலாம். போட்டோவும் அப்படித்தான், முகம் தெரியாத போட்டோவா பாத்து போடுங்க.

இப்போ ராத்திரி மெசேஜ். இதுல வொய்ஃப் பக்கம்தான் நான். எனக்கு வியாழக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு போன்ல ஒரு அலாரம் இருந்துச்சு, பேரு "நாற்காலி", வேதபாடத்துக்கு முன்னாடி போய் நாற்காலி போடணும்னு. வந்த பிறகும் அதை அணைக்கல. வாரா வாரம் அது அடிக்கும், நான் செஞ்சுட்டிருக்கிற வேலையை விட்டுட்டு இங்க இருந்துக்கிட்டே "நாற்காலி போட்டாச்சா, யாரு ஜெபம் பண்றா"ன்னு மெசேஜ் போடுவேன். ஒருநாள் ஒரு பொண்ணு ரொம்ப மரியாதையா எழுதினா, "அக்கா, நாங்க இப்போ நாற்காலி போடறதில்ல, தரையில வட்டமா உக்காந்துக்கிறோம்." எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. மூணு வாரமா அவங்க அப்படித்தான் உக்காந்திருக்காங்க, எனக்கு வருத்தமா இருக்கும்னு சொல்லல. அன்னைக்குத்தான் அலாரத்தை எடுத்தேன்.

பவுலே தெசலோனிக்கே சபையை விட்டு வந்தப்புறம், இனிமே பொறுக்க முடியலன்னு தன் கூட ஊழியம் செஞ்ச தீமோத்தேயுவை அனுப்பிப் பாத்துட்டு வரச் சொன்னார், அதனால தவிப்பு தப்பில்ல. ஆனா அனுப்பினது தீமோத்தேயுவை, எழுதினது லெட்டர், கூட்டத்தை இங்க இருந்து அவர் நடத்தல. வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம்னு பசங்க கிட்ட சொல்லிடுங்க, மத்த நேரம் உங்களுக்குப் பிறகு பொறுப்பெடுத்த ஆள் கிட்ட அனுப்புங்க. உங்களையே கேட்டுட்டு இருந்தா அந்த ஆள் எப்ப தலைவர் ஆவாரு?

பையன் கேட்டதுக்கு வர்றேன். உங்களுக்கு இது திரும்பி வர்றது, அவனுக்கு இது வேற நாட்டுக்குக் குடிபோறது. இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு "மூணாவது கலாச்சாரப் பிள்ளைங்க"ன்னு ஒரு பேரே இருக்கு, ரூத் யூசீம்னு ஒரு சமூகவியல் அறிஞர் 1950கள்ல வச்சது. அப்பா அம்மா நாடும் முழுசா இல்லாம, வளந்த நாடும் முழுசா இல்லாம நடுவுல இருக்கிறவங்க. அதனால "இதுதான்டா நம்ம வீடு"ன்னு அவனைத் திருத்தாதீங்க. அங்க எதை விட்டுட்டு வந்தான்னு கேளுங்க, ஃப்ரெண்டா, மரமா, பஸ்ஸா, எதுவா வேணா இருக்கும். அழுதா அழட்டும்.

உண்மையான மிஷனரிங்க போன இடத்துலயே உயிரை விட்டாங்க. இப்போ எல்லாரும் 10 வருஷத்துல திரும்பி வந்துடறாங்க. அழைப்பு அவ்ளோதானா? (ஒரு மூத்த வாசகர்)

ஐயா, நீங்க மனசுல வச்சிருக்கிறது யாருன்னு தெரியுது. வில்லியம் கேரி 1793ல இந்தியாவுக்கு வந்து 1834ல சாகற வரைக்கும் இங்கிலாந்து பக்கமே திரும்பல, எமி கார்மைக்கேல் 1895ல இருந்து 1951 வரைக்கும் ஒரு தடவை கூட லீவுல ஊருக்குப் போகல. பெரிய மனுஷங்க, மறுக்கல. ஆனா லெஸ்லி நியூபிகினையும் கொஞ்சம் நினைச்சுக்குங்க. 1936ல சென்னைக்கு வந்தவர், கடைசியா சென்னைப் பேராயரா இருந்து 1974ல ஓய்வு வாங்கிட்டு, ரெண்டு சூட்கேசும் ஒரு முதுகுப் பையுமா, மனைவியோட பஸ் மாறி பஸ் மாறி தரை வழியாவே இங்கிலாந்து போய்ச் சேந்தார். போய்ப் பாத்தா அவர் சொந்த நாடே சுவிசேஷம் கேக்க மனசில்லாத நாடா மாறி இருந்துச்சு, இந்தியாவை விட இங்கதான் கஷ்டம்னு அவரே சொல்லி இருக்கார். எழுபது வயசை ஒட்டி பர்மிங்காம்ல ஜெயிலுக்கு எதிர்ல இருந்த ஒரு குட்டி சபையை ஏத்துக்கிட்டார். அவரோட முக்கியமான எழுத்துல பலது திரும்பி வந்தப்புறம்தான் வந்துச்சு. அழைப்பு முடிஞ்சு போன ஆள் மாதிரியா இருக்கு?

மாணவர் ஊழியத்துல இன்னொரு கணக்கும் உண்டு. 1947ல பல நாட்டு மாணவர் இயக்கங்கள் ஒண்ணு சேந்து ஐஎஃப்ஈஎஸ்-ங்கிற உலக ஐக்கியத்தை ஆரம்பிச்சப்பவே, அந்தந்த நாட்டு மாணவங்களே தங்கள் ஊழியத்தை நடத்தணும்ங்கிறதுதான் அடிப்படை. வெளியில இருந்து போன ஆள் 30 வருஷம் அதே நாற்காலியில உக்காந்திருந்தா அங்க எங்கயோ கோளாறு.

8 வருஷம் கேம்பஸ் ஊழியம், இப்போ வேலை தேடறேன். இன்டர்வியூல "இந்த 8 வருஷம் என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டா நாக்கு ஒட்டிக்குது. வீட்டுல "வயசு வீணாப்போச்சு"ன்னு பேச்சு வேற. (ஒரு சகோதரி)

மறைக்காதம்மா, அதே சமயம் சபையில பேசற பாஷையையும் அங்க எடுத்துட்டுப் போகாத. "ஆத்துமாக்களை"ன்னு ஆரம்பிச்சா எதிர்ல இருக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. நீ செஞ்சதை வேலையாப் பிரிச்சுப் பாரு. 60 பேருக்கு மூணு நாள் கேம்ப் நடத்தினியா, பட்ஜெட் போட்டியா, கணக்கு ஒப்படைச்சியா, விசா ஃபார்ம் நிரப்ப உதவினியா, பரீட்சை பயத்துல ராத்திரி 2 மணிக்கு போன் பண்ண பொண்ணை விடியற வரைக்கும் பேசி நிதானப்படுத்தினியா? அதை அப்படியே எழுது. சும்மா இருந்தவ செய்யற வேலையா அது?

வீட்டுப் பேச்சுக்கு என் கிட்ட மருந்து இல்ல. ஆனா அவங்க கோவத்துக்குள்ள "8 வருஷம் நீ எங்க கூட இல்ல"ன்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அதுக்கு வாதம் பண்ணாம கொஞ்ச நாள் கூட இரு.

இன்னும் 6 மாசத்துல ஊருக்குத் திரும்பக் கிளம்பறோம். இப்பவே என்ன செய்யணும் அக்கா?

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, நீங்க சண்டை போட்டவங்களைப் போய்ப் பாருங்க. டேவிட் பொல்லக்னு ஒருத்தர், இடம் மாறுற குடும்பங்களுக்காகவே உழைச்சவர், நாலு வேலை சொன்னார், அதோட இங்கிலீஷ் முதலெழுத்தைச் சேத்தா தெப்பம்னு அர்த்தம் வரும். மனஸ்தாபம் இருக்கிறவங்க கிட்ட ஒப்புரவாகணும், நல்லது செஞ்சவங்களுக்கு அதை வாய்விட்டுச் சொல்லணும், ஆளுங்க கிட்ட மட்டும் இல்லாம இடங்கள் கிட்டயும் விடைபெறணும், அப்புறம்தான் போற இடத்தைப் பத்தி நிஜமா யோசிக்கணும். எல்லாரும் நாலாவதுல இருந்து ஆரம்பிப்பாங்க, முதலாவது அப்படியே நின்னு போகும். அது ஏரோப்ளேன்ல கூடவே ஏறி வரும், எனக்கு வந்துச்சு, என் கூட ஊழியம் செஞ்ச ஒருத்தங்களோட சரியாப் பேசாமலே வந்துட்டேன், அதை போன்ல சரிபண்ண ரெண்டு வருஷம் ஆச்சு.

பண விஷயமும் இப்பவே பேசிடுங்க. அனுப்பின அமைப்பு கிட்ட, வந்த பிறகு எத்தனை மாசம் பணம் தந்து தாங்குவீங்கன்னு எழுத்துல கேளுங்க. தாங்கறவங்களுக்கு அனுப்பற ஜெபக் கடிதத்துலயும் தெளிவாப் போடுங்க, நீங்க வந்து இறங்கின அன்னைக்கே தேவை முடிஞ்சு போச்சுன்னு நிறைய பேர் நினைச்சுப்பாங்க, கெட்ட எண்ணத்துல இல்ல, தெரியாமத்தான்.

எங்க சபையில இருந்து அனுப்பின குடும்பம் அடுத்த மாசம் திரும்புது. நல்லா வரவேற்கணும்னு ஆசை. எந்த ஞாயிறு சாட்சி வைக்கலாம்? (சபை மூப்பர் ஒருத்தர்)

முதல் ஞாயிறு வேண்டாம் ஐயா, முதல் மாசமே வேண்டாம். பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்குக் கீழ படுத்து சாகணும்னு கேட்டப்போ, தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? சாப்பிடச் சொன்னான், அவரு சாப்பிட்டுத் தூங்கினாரு, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொன்னான், அதுக்கப்புறம்தான் பயணம். இருக்க வீடு, பிள்ளைங்களுக்கு ஸ்கூல், கொஞ்ச நாளைக்கு ஒரு வண்டி, இந்த மூணையும் யார் பாத்துக்கறாங்கன்னு சபையில பேரை எழுதிடுங்க. சண்டே ஸ்கூல் டீச்சர் இல்லன்னு உடனே அவங்க தலையில கட்டிடாதீங்க.

சாட்சியை ரெண்டாவது மாசம் வைங்க, ஞாயிறு ஆராதனையில இல்ல, தனியா ஒரு சாயங்காலம். வர்றவங்க வரட்டும், 12 பேர் வந்தாலும் போதும். கீபோர்டு தம்பிக்கு மட்டும் அன்னைக்கு லீவு குடுத்துடுங்க.