தீவைக் காத்தது யார்?

கேள்வி: ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள கீம்சே ஏரியில், துறவியர் மடமாக இருந்த ஹெர்ரன் தீவு தனியார் கைக்குப் போனதால்தான் காடும் அரண்மனையுமாகப் பொலிகிறது என்று படித்தேன். நம் பழவேற்காட்டு ஏரியின் இருக்கம், வேணாடு தீவுகளையும் வசதியுள்ளவர்களிடம் ஒப்படைத்தால் என்ன?
(ஒரு வாசகர், சூளூர்பேட்டை)

பதில்: நடுவில் 70 ஆண்டுகளை விட்டுவிட்டுப் படித்திருக்கிறீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் அகஸ்டீன் சபைத் துறவியர் வாழ்ந்த மடத்தை 1803இல் பவேரிய அரசு கலைத்தது. பின்னர் தீவு தனியாருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்கள் காலத்தில் மடத்துத் தேவாலயத்தின் கோபுரங்கள் இடிக்கப்பட்டு, பூசை நடந்த இடம் பீர் வடிக்கும் சாலையானது. கைமாறிக் கைமாறி, கடைசியில் காட்டை வெட்டி விற்பதற்கென்றே மரவியாபாரிகள் தீவை வாங்கினார்கள். அக்கம்பக்கத்து மக்கள் கொதித்தெழுந்த பிறகே, 1873இல் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 3,50,000 கில்டன் (அன்றைய நாணயம்) கொடுத்துத் தீவைத் தம்வசமாக்கினார். நீங்கள் வியக்கும் காடு, தனியார் வளர்த்ததன்று. அவர்கள் கோடரியிலிருந்து தப்பியது.

மன்னரும் சொந்தத்துக்குத்தானே வாங்கினார் என்பீர்கள். ஆம், அதனால்தான் பிரான்சின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்து 1878இல் தொடங்கிய மாளிகையில், எழுபது அறைகளில் இருபதளவே முடிந்த நிலையில், அவர் ஒருவரே சில நாட்கள் தங்கினார். 1886இல் அவர் வேறோர் ஏரியில் இறந்து கிடந்தார். சில வாரங்களில் மாளிகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்துக்கு முன்வரைவு செய்த வல்லுநர் குழு 1948 ஆகஸ்டில் இதே தீவில் கூடியது, மன்னர் மாளிகையின் கண்ணாடிக் கூடத்தில் அல்ல, பழைய மடத்துக் கட்டடத்தில்.

அதே ஏரியின் பெண்கள் தீவிலும் 1803இல் மடம் கலைக்கப்பட்டது. ஆனால் கன்னியர் அங்கேயே தங்க விடப்பட்டதால், 1830களில் மடம் மீண்டும் உயிர்பெற்று இன்றளவும் நடக்கிறது.

இனி நம் ஏரிக்கு வருவோம். இருக்கம் ஆளில்லாத நிலமன்று. மீனவர் குடும்பங்கள் வாழும் ஊர். வேணாட்டுத் தர்காவுக்குப் பல மதத்தாரும் போய்வருகிறார்கள். எந்த இடத்தில் யார் வலை விடுவது என்பதைப் 'பாடு' என்னும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இந்த ஏரிக்கு உண்டு. விற்பனைப் பத்திரத்தில் அந்த முறைக்கு எந்தப் பத்தியில் இடம் தருவீர்கள்? அடுத்த முறை இருக்கத்துக்குப் போகும்போது, உங்கள் யோசனையைப் படகோட்டுபவரிடம் சொல்லிப் பாருங்கள். கரை சேர்ந்த பிறகு சொல்வது நல்லது.