வட்டில் இடமிருந்தும் ‘இடமில்லை’ என்கிறதே?

கேள்வி: 16 ஜிபி நினைவகமுள்ள லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் 9.2 வைத்திருக்கிறேன். ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாபேஸ் தன் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) அளவை 4 ஜிபியாக உயர்த்தியதும், ‘சாதனத்தில் இடமில்லை’ என்ற பிழையுடன் டேட்டாபேஸ் தொடங்க மறுக்கிறது. வட்டில் பாதி இடம் காலியாகவே உள்ளது. என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து வட்டிலுள்ள எந்தக் கோப்பையும் அழித்துவிடாதீர்கள், இந்தப் பிழை வட்டைப் பற்றியதே அல்ல. ஷேர்டு பஃபர்ஸ் அமைவது பகிர்வு நினைவகத்தில், அதாவது பல செயல்முறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் நினைவகத்தில். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதற்கு அனுமதிக்கும் மொத்த வரம்பைத் தாண்டும்போதும் இதே வாசகம்தான் வரும். ஒரே தடவையில் கேட்டுப் பெறும் ஒரு பகிர்வு நினைவகத் துண்டின் உச்ச அளவான ‘எஸ்எச்எம்மேக்ஸ்’ போதாமல் இருந்திருந்தால், ‘தவறான மதிப்புரு’ என்ற வேறொரு பிழை வந்திருக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ‘எஸ்எச்எம்ஆல்’ என்ற மொத்த வரம்பைத்தான்.

பலரும் சறுக்குவது அலகில்தான். எஸ்எச்எம்மேக்ஸ் பைட்டுகளில் எழுதப்படுகிறது. எஸ்எச்எம்ஆலோ பக்கங்களில் (நினைவகம் பிரிக்கப்படும் சிறு கூறுகளில்) எழுதப்படுவதால், ஒரு பக்கம் 4096 பைட்டுகள் கொண்ட சர்வரில் 8 ஜிபி வரம்புக்கு 2097152 என்று இட வேண்டும். அதே எண்ணைத் தவறுதலாக எஸ்எச்எம்மேக்ஸில் இட்டால், வரம்பு வெறும் 2 எம்பியாகச் சுருங்கிவிடும். மாற்றத்தை, கெர்னல் வரம்புகளைக் குறித்துவைக்கும் சிஸ்கண்ட்ரோல் (sysctl) அமைப்புக் கோப்பிலும் எழுதிவையுங்கள். இல்லையேல் மறுதொடக்கத்தில் அது மறைந்துவிடும்.

2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் பெரும்பகுதி நினைவகத்தை இந்த வரம்புகளுக்கு உட்படாத எம்மேப் (mmap) என்ற வேறு வழியில் பெறுவதால், அங்கு இந்தத் தொல்லை அநேகமாக எழுவதில்லை. 9.2க்கான பராமரிப்பும் 2017இலேயே முடிந்துவிட்டது. பதிப்பை உயர்த்துவதைத் தள்ளிப்போடாதீர்கள்.