மாதுளை வேர்ப்பட்டைக் கசாயம்: யாருக்கு, எதற்கு?

காய்ப்பு நின்றுபோன பழைய மாதுளைச் செடியை வேரோடு எடுத்தபோது, அதன் வேர்ப்பட்டையை மாமியார் சீவி நிழலில் உலர்த்தி வைத்திருப்பதாக வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய 7 வயது மகனுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு இருக்கிறது; அவருக்கோ அடிக்கடி வாய்ப்புண் வருகிறது. இரண்டுக்கும் அந்தப் பட்டையைக் கசாயமாகக் காய்ச்சிக் கொடுக்கலாமா, எந்த அளவில் கொடுப்பது என்பது அவருடைய கேள்வி.

மகனுக்கு அந்தக் கசாயத்தைக் கொடுக்க வேண்டாம். உங்கள் வாய்ப்புண்ணுக்கு மாதுளை உதவும் என்றாலும், அதற்குப் பழத்தின் தோலே போதும், வேர் தேவையில்லை.

மாதுளையின் தோல், பிஞ்சு, பட்டை, வேர்ப்பட்டை எல்லாவற்றிலும் துவர்ப்புச் சுவை மிகுந்திருக்கிறது. சித்த மருத்துவம் துவர்ப்பை மண்ணும் காற்றும் கூடிய சுவையாகக் கொள்கிறது; அது கழிச்சலைக் கட்டும், குருதிக் கசிவை நிறுத்தும், புண்ணை ஆற்றும், அளவு மீறினால் வாதத்தைக் கூட்டி மலத்தையும் கட்டிவிடும். இந்தச் சுவைக்குக் காரணமான டானின்கள் சவ்வின் மேற்பரப்பில் உள்ள புரதங்களோடு சேர்ந்து அதை இறுக்குவதால், புண்ணின் மேல் ஒரு மெல்லிய காப்பு உண்டாகி எரிச்சலும் கசிவும் குறைகின்றன. வாய்ப்புண், ஈறில் இரத்தம், தொண்டைக் கரகரப்பு, சாதாரண வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு மாதுளையைப் பயன்படுத்திய வழக்கம் முழுவதும் இந்தத் துவர்ப்பையே நம்பியிருக்கிறது.

வேர்ப்பட்டையில் துவர்ப்போடு வேறொன்றும் இருக்கிறது. குடலில் வாழும் நாடாப்புழுவை வெளியேற்ற இந்தப் பட்டையைக் காய்ச்சிக் கொடுப்பது இந்தியாவில் பழைய வழக்கம். கொங்கு நாட்டில் பயணம் செய்து குறிப்புகள் எழுதிய ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தில் இந்த மருத்துவத்தைக் கண்டு ஆங்கிலேய மருத்துவர்களின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1878-இல் பிரெஞ்சு வேதியியலாளர் சார்ல் தான்ரே பட்டையிலிருந்து ஆல்கலாய்டுகளை, அதாவது சிறிய அளவிலேயே உடலில் வலுவாக வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்களை, பிரித்தெடுத்து, மலேரியா மருந்தான கொய்னாவைப் பிரித்த வேதியியலாளர் பெல்லெத்தியேவின் நினைவாகப் பெல்லெத்தியரின் என்று பெயரிட்டார். புழுவைச் செயலிழக்கச் செய்து குடல் சுவரைப் பற்றிய பிடியை விடச் செய்வது இதுதான். டானினோடு பிணைந்திருக்கும்போது இது எளிதில் கரைவதில்லை; அதனால் இரத்தத்தில் குறைவாகவே ஏறி, பெரும்பகுதி குடலிலேயே தங்கி வேலை செய்கிறது. பழைய மருத்துவர்கள் தனி ஆல்கலாய்டைவிட டானின் சேர்ந்த வடிவத்தையே விரும்பியதற்கு இதுவே காரணம்.

அந்தப் பிணைப்பும் முழுப் பாதுகாப்பு அன்று. அளவு கூடினால் வாந்தி, தலைசுற்றல், கால் தசைகளில் தளர்ச்சி, பார்வை மங்கல் ஆகியவை வரும். பார்வையே பறிபோகும் ஆபத்தும் உண்டு. மேலும், உலர்த்தி நாள்பட வைத்த பட்டையில் ஆல்கலாய்டு குறைந்துபோகும் என்பதால், முன்னோர் புதிதாக எடுத்த பட்டையையே விரும்பினர். மரத்தின் வயது, வேரின் பகுதி, சேமித்த காலம் ஆகியவற்றைப் பொறுத்து வீரியம் மாறும் ஒரு சரக்குக்குச் சமையலறைக் கரண்டியில் அளவு சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. நீங்கள் கேட்ட அளவை இங்கே நான் எழுதாததற்கு இதுவே காரணம். குழந்தைகளும் கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இதை உட்கொள்ளவே கூடாது.

உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் நாடாப்புழுவும் அன்று. சரியாக வேகாத பன்றி அல்லது மாட்டு இறைச்சி வழியாக வருவது நாடாப்புழு. மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுகள் போல அது தென்படும். இரவில் ஆசனவாய் அரிக்கிறது என்றால் நூல் போன்ற கீரிப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதற்கு அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குடற்புழு நீக்க நாட்களில் இலவசமாகக் கொடுப்பதும் இதுதான். ஆனால் கீரிப்பூச்சிக்கு ஒரு வேளை மருந்து போதாது. முட்டையிலிருந்து புதிய புழுக்கள் வரும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டிலுள்ள மற்றவர்களும் மருத்துவர் சொல்படி சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுவது, காலையில் எழுந்ததும் ஆசனவாயைக் கழுவுவது, படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசுவது ஆகியவற்றை விட்டுவிட்டால் மருந்து கொடுத்தும் பூச்சி திரும்ப வரும். மலத்தில் நாடாத் துண்டுகளைக் கண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பன்றி நாடாப்புழுவின் முட்டை கை வழியாக வயிற்றுக்குள் போனால், அதன் இளம்புழு மூளையில் தங்கி வலிப்பை உண்டாக்கக்கூடும்.

இனி உங்கள் வாய்ப்புண். கடைப்பழத்தில் பூச்சிமருந்து படிந்திருக்கலாம் என்பதால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு தோலை உரித்து நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்த தோல் சுமார் 10 கிராம் எடுத்து, ஒன்றிரண்டாக இடித்து, 400 மில்லி நீரில் பாதியாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். இளஞ்சூட்டில் ஒரு நாளைக்கு மூன்று முறை கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்; மறுநாளைக்குப் புதிதாகக் காய்ச்சுவது நல்லது. இரும்புச் சட்டியைத் தவிர்த்து மண்சட்டியோ எவர்சில்வர் பாத்திரமோ பயன்படுத்துங்கள்; டானின் இரும்போடு சேர்ந்தால் கசாயம் மை போலக் கறுத்துவிடும். வயிற்றுக்குள்ளும் இதே பிணைப்பு நிகழ்வதால், மாதுளைத் தோலை மோரில் அரைத்துக் குடிக்கும் வழக்கம் உள்ளவர்கள் இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

அடிக்கடி வாய்ப்புண் வருகிறது என்கிறீர்கள். கொப்பளிப்பு எரிச்சலைத் தணிக்குமே தவிர, மீண்டும் வராமல் தடுக்காது. இரும்புச்சத்து, பி12, போலிக் அமிலம் ஆகியவற்றின் குறைவு இருக்கிறதா என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். மாமியார் உலர்த்திய பட்டையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்து, அதை எறிய அவருக்கு மனம் வராவிட்டால், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.